அந்தப் பெரிய வீட்டைப் பற்றி ஊர் சொல்வதில் எதை நம்பலாம்?

உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வேலை நிமித்தமாக இங்கிலாந்தின் கிழக்கு டெர்பிஷயரில் ஒரு கிராமத்துக்குக் குடிவந்திருக்கிறீர்கள். ஊர் ஓரத்தில் நீளமான கல்மதில், இரண்டு வாயில் தூண்கள், பக்கத்தில் ஒரு சின்னக் காவல் வீடு. உள்ளே மாளிகை எதுவும் இல்லை, மாடு மேய்கிறது. 87 வயதான பக்கத்து வீட்டுப் பெரியவர் அங்கே இருந்த பெரிய வீட்டைப் பற்றி ஐந்து விஷயங்கள் சொல்லியிருக்கிறார். வீட்டிலிருந்து தேவாலயத்துக்குச் சுரங்கப்பாதை இருந்தது. வீட்டுக்கு 365 சன்னல். அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கிப் பாழாக்கினார்கள். வரிக்குப் பயந்து கூரையைப் பிரித்துவிட்டார்கள். அவருடைய அம்மா அங்கே வேலை செய்தார். இதில் எது உண்மை, எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: அவர் இருக்கும்போதே எதைக் கேட்டு எழுதிவைப்பது? என்னைக் கேட்டால் அதுதான் அவசரம். தாள்கள் காத்திருக்கும்.

முதலில் வயதுக் கணக்கைப் போட்டுவிடுங்கள். 1945-ல் போர் முடிந்தபோது அவர் ஏழெட்டு வயதுப் பையன். ஆகவே பிரபு, விருந்து, வேட்டை, வெள்ளித்தட்டு என்று 1930-களைப் பற்றி அவர் சொல்வதெல்லாம் அம்மா வழியாக வந்தது. அவர் கண்ணால் பார்த்தது வேறு மூன்று: போர்க்காலத்தில் வீட்டில் யார் இருந்தார்கள், போருக்குப் பின் அது ஆளில்லாமல் கிடந்த வருடங்கள், கடைசியில் இடித்த நாள்கள். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். வீட்டின் பொற்காலத்தைப் பற்றியே கேட்டுக் கேட்டு, கேள்விப்பட்டதையே பதிவு செய்துகொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆளில்லாத வீட்டுக்குள் எந்தச் சன்னல் வழியாகப் பையன்கள் புகுந்தார்கள், எந்த அறையில் தரைப்பலகை உளுத்திருந்தது, இடித்த மரத்தை யார் வண்டி கட்டி எடுத்துப் போனார்கள் என்று எந்த ஆவணமும் எழுதிவைக்கவில்லை. அதைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

சொற்களில் ஒரு சிறிய தெளிவு வேண்டும், இல்லாவிட்டால் ஆவணக் காப்பகத்தில் தவறான பெட்டியைத் திறப்பீர்கள். மேனர் என்பது கட்டடத்தின் பெயர் இல்லை. அது நிலத்தின் மீதான ஓர் உரிமை. தனக்கென்று நீதிமன்றம் நடத்தி, குத்தகைதாரர்களின் நில மாற்றங்களைச் சுருளில் பதிந்துவந்த அலகு. அந்தச் சுருளின் நகலை வைத்து நிலம் வைத்திருக்கும் காப்பிஹோல்டு முறை 1922-ம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டு, 1926 ஜனவரி 1 முதல் இல்லாமல் போனது. மேனர் ஹவுஸ் என்பது அந்த உரிமையாளர் இருந்த வீடு. பல ஊர்களில் அது இன்று ஒரு சாதாரணப் பண்ணை வீடு. பூங்காவும் மதிலும் கொண்ட மாளிகைக்கு ஹால், பார்க், கோர்ட் என்று பெயர் இருக்கும். எட்டாம் ஹென்றி மன்னர் 1536 முதல் 1540 வரை மடங்களைக் கலைத்தபின் அந்த நிலங்களில் எழுந்த வீடுகள் ஆபி என்ற பெயரை வைத்துக்கொண்டன. ஒரே ஊரில் இரண்டு மூன்று மேனர்கள் இருக்கலாம். மேனர் ஒருவருடையதாகவும் மாளிகை இன்னொருவருடையதாகவும் இருக்கலாம். ஊர்க்காரர்கள் எல்லாவற்றையும் பெரிய வீடு என்றே சொல்வார்கள். அதனால் பெரியவர் சொல்லும் பெயரையும் வரைபடத்தில் உள்ள பெயரையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

தாளுக்கு முன் தரை. பொதுவழி எது என்று பார்த்து, மற்ற இடங்களுக்கு நிலக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒருமுறை சுற்றி நடந்துவாருங்கள். வீடு போனாலும் சில உறுப்புகள் போகாது. குதிரை லாயம் பெரும்பாலும் நிற்கும், ஏனென்றால் பண்ணைக்கோ குடியிருப்புக்கோ பயன்படும். புல்வெளியில் ஓரிடத்தில் தரை திடீரென்று நாலைந்து அடி இறங்கி, ஒரு பக்கம் கல் சுவரும் மறுபக்கம் சரிவுமாக ஒரு பள்ளம் ஓடினால் அது ஹா-ஹா. மாடு தோட்டத்துக்குள் வரக்கூடாது, வீட்டிலிருந்து பார்த்தால் வேலியும் தெரியக்கூடாது என்பதற்காக வெட்டியது. சுவர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் வீடு இருந்தது. காய்கறித் தோட்டத்தின் மதில் நிற்கிறதா பாருங்கள். வெளியே கல், உள்ளே செங்கல் என்று இருக்கும். செங்கல் சூட்டைப் பிடித்துவைக்கும். தெற்கு வெயில் விழும் சுவரில் செங்கல் இடுக்குகளில் நூற்றுக்கணக்கான துருப்பிடித்த ஆணிகள் தெரியும். பேரி, பீச் மரங்களை விசிறிபோல் விரித்துச் சுவரோடு கட்டிய இடங்கள் அவை. வெலிங்டோனியா என்ற கலிபோர்னிய ராட்சத மரம் நின்றால் அது 1853-க்குப் பின் நட்டது, விதை பிரிட்டனுக்கு வந்ததே அந்த ஆண்டில்தான். அடையாளம் காண்பது சுலபம்: செம்பழுப்புப் பட்டையைக் கையால் குத்தினால் வலிக்காது, பஞ்சு மாதிரி அமுங்கும்.

பிறகு வரைபடம். பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிட்ட, ஒரு மைலுக்கு 25 அங்குலம் என்ற அளவுள்ள தாள்கள்தான் உங்களுக்கு வேண்டியவை. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் இங்கிலாந்துக்கும் இலவசமாகப் பார்க்கலாம். முதல் பதிப்பில் பூங்காவின் தனித்தனி மரங்களைக்கூடக் குறித்திருப்பார்கள். இரண்டு மூன்று பதிப்புகளை வரிசையாக வைத்துப் பாருங்கள், வீடு எந்தப் பதிப்பில் இருக்கிறது, எதில் இல்லை என்பதே உங்கள் முதல் கால எல்லை. அதற்கு முந்தையது 1836-ம் ஆண்டுச் சட்டத்தால் வந்த டைத் வரைபடம். டைத் என்பது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கேட்கும் திருச்சபை வரி. ஒவ்வொரு நிலத்துக்கும் எண், அந்த எண்ணுக்கு உடைமையாளர், குத்தகைதாரர், வயலின் பெயர், பரப்பு. ஆனால் பொது நிலத்தை அடைத்துப் பங்கிட்டபோதே திருச்சபை வரியைத் தீர்த்துவிட்ட ஊர்களுக்கு இந்த வரைபடம் இருக்காது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் அப்படி ஏராளமான ஊர்கள். இல்லையென்றால் மனம் தளராமல் மேட்லாக்கில் உள்ள டெர்பிஷயர் ஆவணக் காப்பகத்தில் நில அடைப்புத் தீர்ப்பைக் கேளுங்கள். மூன்றாவது, 1910-ல் தொடங்கிய நில மதிப்பீட்டின் களப் புத்தகங்கள். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐஆர் 58 என்ற வரிசை. குடிசையானாலும் எத்தனை அறை, எந்த நிலையில் என்று எழுதியிருக்கும். பெரிய எஸ்டேட்டுகளை மொத்தமாக ஒரே எண்ணில் போட்டுவிட்டதும் உண்டு, அப்போது அறைக் கணக்கு கிடைக்காது.

இனி ஐந்து கூற்றுகள். சுரங்கப்பாதையிலிருந்து தொடங்கலாம். இங்கிலாந்தில் பெரிய வீடு இருந்த ஊரில் பெரும்பாலும் இந்தக் கதை இருக்கும், பெரும்பாலும் அது தவறாகவும் இருக்கும். ஆனால் பொய் சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், அவர்கள் எதையோ பார்த்திருக்கிறார்கள். சிறுவன் நிமிர்ந்து நடக்கும் உயரத்துக்குச் செங்கல் வளைவு கட்டிய வடிகால் பல வீடுகளில் இருந்தது. ஐஸ் ஹவுஸ் இன்னொன்று: குளிர்காலத்தில் குளத்துப் பனிக்கட்டியை வெட்டி, மண் மூடிய முட்டை வடிவக் குழியில் சேமிக்கும் இடம். அதற்குள் போக இரண்டு மூன்று கதவுகள் வைத்த ஒரு குறுகிய வழி இருக்கும். வீடு போனபின் வாய்பிளந்து கிடக்கும் இந்த வழிதான் அடுத்த தலைமுறைக்குச் சுரங்கப்பாதை. உண்மையான விதிவிலக்குகளும் உண்டு. உங்கள் மாவட்டத்திலேயே கால்க் ஆபியில் தோட்டக்காரர்களுக்கென்று ஒன்றும், பீர் காய்ச்சும் கட்டடத்திலிருந்து வீட்டு நிலவறைக்கு ஒன்றும் இருக்கின்றன. பக்கத்து நாட்டிங்ஹாம்ஷயரில் வெல்பெக் ஆபியில் ஐந்தாம் போர்ட்லண்ட் கோமகன் 19-ம் நூற்றாண்டில் மைல் நீளத்துக்குச் சுரங்கவழி வெட்டி, தரைக்கடியில் பெரிய கூடமே கட்டினார். ஆனால் இவை வேலைக்காரர்கள் கண்ணில் படாமல் நடமாடவோ உடைமையாளரின் தனிமைக்காகவோ வெட்டியவை. தேவாலயத்துக்குப் போக ஆட்கள் பார்க்க வண்டியில் போவதுதான் அந்தக் குடும்பங்களின் வழக்கம், ஒளிந்து போக அவசியம் இல்லை. பெரியவரிடம் சுரங்கம் இருந்ததா என்று கேட்காமல், உள்ளே போனது யார், எத்தனை அடி போனீர்கள், எது தடுத்தது, காலில் தண்ணீர் பட்டதா என்று கேளுங்கள். தண்ணீர் பட்டிருந்தால் அது வடிகால். நீங்களே இறங்கிப் பார்க்காதீர்கள். காற்றும் கெட்டிருக்கும், வளைவும் உளுத்திருக்கும்.

365 சன்னல் என்பது நாட்காட்டிக் கணக்கு. கென்ட்டில் உள்ள நோல் மாளிகைக்கு 365 அறை, 52 படிக்கட்டு, 12 வாயில், 7 முற்றம் என்று சொல்வார்கள். யார்க்‌ஷயரின் வென்ட்வொர்த் உட்ஹவுஸுக்கும் அதே 365 அறைக் கதை உண்டு. எண் இவ்வளவு அழகாக வந்தால் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு முகப்புப் புகைப்படம் கிடைத்தால் நீங்களே எண்ணிவிடலாம். இதோடு ஒட்டி வருவது, வரிக்குப் பயந்து சன்னலை அடைத்தார்கள் என்ற பேச்சு. சன்னல் வரி உண்மைதான், 1696 முதல் 1851 வரை இருந்தது. ஆனால் அடைத்ததுபோல் தெரிவதெல்லாம் அடைத்ததில்லை. லாயத்தின் சுவரில் அப்படி ஒன்று இருந்தால் பக்கத்தில் போய்ப் பாருங்கள். நிரப்பிய செங்கலுக்கும் சுற்றுச் சுவருக்கும் இடையே மேலிருந்து கீழ்வரை நேர்கோட்டு இணைப்பு ஓடினால், செங்கல் நிறமும் வேறாக இருந்தால், பின்னாளில் அடைத்தது. உள்வாங்கிய பகுதியின் வரிசைகள் சுற்றுச் சுவரோடு பின்னிப் போயிருந்தால் அது முதலிலேயே பொய்ச் சன்னலாகக் கட்டியது, முகப்பு இருபுறமும் ஒத்து வரவேண்டும் என்பதற்காக.

சிப்பாய்கள் விஷயத்தில் பெரியவர் சொல்வதற்கு எடை கொடுங்கள், அது அவர் பார்த்தது. 1939 முதல் அரசு ஏராளமான மாளிகைகளைக் கையகப்படுத்தியது. எல்லாவற்றுக்கும் படை வரவில்லை. உங்கள் மாவட்டத்தின் சாட்ஸ்வொர்த் மாளிகைக்கு வேல்ஸிலிருந்து பென்ரோஸ் பெண்கள் கல்லூரி வந்து 1946 வரை இருந்தது. பள்ளி, மருத்துவமனை, படை, பிறகு இத்தாலிய ஜெர்மானியக் கைதிகள் என்று ஒரே வீட்டில் மாறி மாறி வந்ததும் உண்டு. பின்னாள் நினைவில் வெளிநாட்டுச் சீருடை எல்லாம் அமெரிக்கர் என்று ஆகிவிடுவது வழக்கம். அமெரிக்கர்கள் பெருமளவில் வந்தது 1942-க்குப் பிறகு. அதனால் ஆண்டைக் கேட்காமல், அவர்கள் பேச்சு எப்படி இருந்தது, உங்களுக்கு என்ன தின்னக் கொடுத்தார்கள், கொட்டகை எந்த ஓரத்தில் இருந்தது என்று கேளுங்கள். கொட்டகைகளைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. போர் முடிந்த கையோடு விமானப்படை நாடு முழுவதையும் மேலிருந்து படமெடுத்தது. ஸ்விண்டனில் உள்ள ஹிஸ்டாரிக் இங்கிலாந்து காப்பகத்தில் அந்தப் படங்கள் இருக்கின்றன. பூங்காவுக்குள் வரிசையாகச் சின்னச் செவ்வகங்கள் தெரிந்தால் அவைதான். காங்கிரீட் தளங்கள் இன்றும் புல்லுக்கடியில் இருக்கலாம்.

பாழாக்கினார்கள் என்பது பாதி உண்மை. படிக்கட்டின் மரக் கைப்பிடியை விறகாக எரித்தது போன்றவை நடந்தன, 1939-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி அரசு பணமும் கொடுத்தது. வீட்டைக் கொன்றது பெரும்பாலும் அதற்குப் பின் வந்த வருடங்கள். கட்டுமானப் பொருள்களுக்குத் தட்டுப்பாடு. உரிமம் இல்லாமல் பெரிய பழுது பார்க்க முடியாது, அந்தக் கட்டுப்பாடு 1954 நவம்பர் வரை நீடித்தது. ஓர் ஈயத் தகடு திருட்டுப் போனால் அந்த இடத்தில் மழை இறங்கும். இறங்கிய இடத்தில் உத்தரத்தின் முனை சுவருக்குள் இருக்கும் பகுதி முதலில் அழுகும். அங்கிருந்து உலர் அழுகல் என்ற பூஞ்சை செங்கல் சுவரையே தாண்டி அடுத்த அறையின் மரத்துக்குப் போகும். பத்து வருடம் அப்படிக் கிடந்த வீட்டைச் சீராக்கும் செலவைக் கேட்டதும் உடைமையாளர்கள் இடிக்க முடிவெடுத்தார்கள். 1955 வாக்கில் ஐந்து நாளுக்கு ஒரு வீடு வீதம் போய்க்கொண்டிருந்தது என்பது பலரும் ஏற்கும் கணக்கு. 1974-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இதைப் பற்றி ஒரு கண்காட்சியே நடத்தியது. நூறு ஆண்டுகளில் அழிந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் கணக்கு அது.

வரி, கூரை: இரண்டும் கலந்துபோயிருக்கின்றன, பிரித்துப் பார்க்கவேண்டும். இறந்தவர் சொத்தின் மீதான எஸ்டேட் வரி 1894-ல் வந்தது, அப்போது உச்ச விகிதம் 8 சதவீதம். 1919-ல் 40, 1949-ல் 80. சாட்ஸ்வொர்த்தின் உடைமையாளரான டெவன்ஷயரின் பத்தாம் கோமகன் 1946-ல் சொத்தை மகனுக்கு மாற்றினார். ஐந்து வருடம் உயிரோடு இருந்திருந்தால் வரி இல்லை. சில மாதங்கள் மீதமிருக்க 1950 நவம்பரில் இறந்துவிட்டார். அந்த வரிக்கு ஈடாகத்தான் அவர் குடும்பத்தின் ஹார்ட்விக் ஹால் 1959-ல் பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்குப் போனது. ஆகவே வரி பெரிய காரணம் என்பது உறுதி. ஆனால் அது மட்டும் இல்லை. 1870-களிலிருந்து அமெரிக்கக் கோதுமை வந்து குத்தகை வருமானம் விழுந்தது, 1882-ம் ஆண்டுச் சட்டம் பரம்பரைக் கட்டுப்பாட்டில் இருந்த நிலத்தை விற்க வழி திறந்தது, முதல் உலகப் போரில் வாரிசுகள் மாண்டார்கள். உங்கள் பகுதியில் நிலக்கரியையும் கணக்கில் சேருங்கள். ஷிப்லி ஹாலின் அடியில் தாங்கலாக விட்டிருந்த கரியையும் எடுத்ததில் தரை இறங்கிச் சுவர் விரிந்தது, 1948-ல் இடித்தார்கள். இன்று அங்கே அடித்தளக் கோடுகள் மட்டும் இருக்கின்றன.

கூரையைப் பிரித்தது வரிக்காக என்ற பேச்சு ஸ்காட்லாந்துக்குத்தான் பொருந்தும், அங்கே ஆளில்லாத வீட்டுக்கும் உடைமையாளர் உள்ளூர் வரி கட்டவேண்டியிருந்தது. இங்கிலாந்தில் அப்போது அந்த வரி குடியிருப்பவர் மீதுதான். இங்கே கூரை போனது பெரும்பாலும் ஈயத்துக்காக, விற்றால் நல்ல காசு. முதலில் வீட்டை ஏலம் விடுவார்கள். வாங்க ஆளில்லை என்றால் உள்பாகங்களைப் பிரித்து ஏலம் விடுவார்கள்: கணப்பு முகப்பு, கதவு, சுவர்ப்பலகை, தரைப்பலகை, ஈயம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பிறகு மிச்சத்தை ஒப்பந்தக்காரர் வாங்குவார். சட்டன் ஸ்கார்ஸ்டேல் ஹாலை 1919-ல் இப்படித்தான் உரித்தார்கள், அதன் மூன்று அறைகள் இன்று அமெரிக்காவில் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கூரையில்லாத சுவர்க்கூடு மட்டும் செஸ்டர்ஃபீல்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது, போய்ப் பாருங்கள். உங்கள் ஊர் வீட்டின் ஏலப் பட்டியல் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தால் அதைவிடப் பெரிய புதையல் இல்லை, அறை அறையாக வீடு அதில் இருக்கும். ஏல விளம்பரம் உள்ளூர்ச் செய்தித்தாளிலும் வந்திருக்கும், அதை வைத்துத் தேதியைப் பிடிக்கலாம். அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடமாக இருந்தாலும் அன்று தப்பியிருக்காது. 1968-ம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை முன்கூட்டியே அறிவிப்பு கொடுத்தாலே இடிக்க முடிந்தது, முன் அனுமதி என்பது 1969 ஜனவரியில்தான் கட்டாயமானது.

ஐந்தாவது, அம்மா. இங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடிவிட்டு, பெயர் இல்லை, அதனால் கதை பொய் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கணக்கைப் பாருங்கள். அவர் 1910 வாக்கில் பிறந்திருப்பார், 14 வயதில் வேலைக்குப் போயிருப்பார், கல்யாணம்வரை இருந்திருப்பார். 1921 கணக்கெடுப்பில் அவர் பள்ளிப் பிள்ளை. 1931-ன் ஏடுகள் 1942 டிசம்பரில் தீயில் எரிந்துபோயின. 1941-ல் போரினால் கணக்கே எடுக்கவில்லை. 1939 செப்டம்பர் 29-ல் எடுத்த பதிவேட்டில் அவர் இல்லத்தரசியாக இருப்பார். அவர் வேலை பார்த்த காலம் முழுக்க இந்தப் பதினெட்டு வருட ஓட்டைக்குள் விழுகிறது. எஸ்டேட் தாள்களில் சம்பளப் புத்தகம் தப்பியிருந்தால் பெயர் இருக்கலாம். வேலையை விடும்போது வீட்டு நிர்வாகி எழுதித்தரும் நற்சான்று குடும்பப் பெட்டியில் இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் மகனின் வாய்மொழிதான் ஆதாரம், அதை ஆதாரமாகவே எழுதுங்கள். ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள்: அம்மா இரவில் வீடு திரும்பினாரா, அங்கேயே படுத்தாரா? உள்வீட்டுப் பணிப்பெண்களை வேற்றூரிலிருந்து எடுப்பதையே பல வீடுகள் விரும்பின, வீட்டுப் பேச்சு ஊருக்குள் போகாது என்பதற்காக. உள்ளூர்ப் பெண்களுக்கு வந்தது சலவை, பால்பண்ணை, வசந்தகாலப் பெரிய துப்புரவு. திங்கட்கிழமை கை வெந்து வந்தாள் என்று அவர் சொன்னால் அம்மா சலவைக்கூடத்தில் இருந்திருப்பார். பணிப்பெண் என்று பின்னாளில் குடும்பம் உயர்த்திச் சொல்லியிருக்கலாம். அதைத் திருத்த உங்களுக்கு உரிமையில்லை.

பேச்சு சில இடங்களில் நின்றுபோகும், காரணம் தெரிந்துகொள்ளுங்கள். ஊரே ஒருவருடையதாக இருந்தபோது வேலையும் கூரையும் ஒரே கையில் இருந்தன. அப்பாவுக்கு வேலை போனால் வீடும் போகும். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளை அழைத்து ஆளுக்கொரு ஆரஞ்சு கொடுத்த அதே கை. உங்கள் பக்கத்தில் ஈடன்சர் கிராமத்தைச் சாட்ஸ்வொர்த்தின் டெவன்ஷயர் கோமகன் 1838 முதல் பழைய இடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் கட்டினார். இன்று பார்க்க அழகான ஊர், ஆனால் அதில் யார் விருப்பத்தையும் கேட்கவில்லை. நன்றியும் கசப்பும் ஒரே மனிதரிடம் ஒரே மணி நேரத்தில் வரும். ஒன்றை வெட்டிவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் அது அவர் சொன்னது ஆகாது.

ஊர் நினைவில் பெரும்பாலும் இல்லாத ஒன்று, வீட்டைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்பது. நாம் கேட்கவேண்டிய கேள்வி இது. எக்ஸிட்டருக்கு அருகில் ஹால்டன் குன்றில் ஒரு முக்கோணக் கோபுரம் நிற்கிறது. அதைக் கட்டியவர் ராபர்ட் பாக், 1763 முதல் 1767 வரை சென்னையின் ஆளுநர்; இலங்கைக்கும் நமக்கும் இடையே உள்ள பாக் நீரிணை அவர் பெயர்தான். இங்கிருந்து திரும்பியதும் 1769-ல் ஹால்டன் மாளிகையை வாங்கினார். தன் நண்பர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் என்ற தளபதியின் நினைவாக 1788-ல் அந்தக் கோபுரம். மாளிகையின் பெரும்பகுதியை 1920-களில் இடித்துவிட்டார்கள், கோபுரம் மட்டும் தூரத்திலிருந்து தெரிகிறது. அங்கே மேலே ஏறுபவர்களில் எத்தனை பேருக்கு ஆற்காடு நவாப் என்ற பெயர் தெரியும்? ஹெர்ட்ஃபோர்டுஷயரில் உட்ஹால் பார்க்கும் அப்படித்தான். அதைக் கட்டிய தாமஸ் ரம்போல்டும் சென்னை ஆளுநர், அவருக்குப் பின் வாங்கிய பால் பென்ஃபீல்டு நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்துச் சம்பாதித்தவர். அடிமை முறை இழப்பீடு வாங்கியவர்களின் பெயர்களை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் தரவுத்தளத்தில் தேடலாம். நேஷனல் டிரஸ்ட் 2020-ல் தன் இடங்களில் 93-க்குக் காலனிய, அடிமைத் தொடர்பு உண்டு என்று அறிக்கை வெளியிட்டது. உங்கள் ஊர்க் குடும்பப் பெயரையும் போட்டுப் பாருங்கள். ஒன்றும் வராமலும் போகலாம், டெர்பிஷயரில் ஈயமும் கரியும் போதுமான பணம் தந்தன.

காலத்தை நினைவு எங்கே தவறவிடும், எங்கே விடாது என்பதற்கு டெர்வென்ட் ஒரு நல்ல அளவுகோல். லேடிபவர் நீர்த்தேக்கத்தில் டெர்வென்ட் ஊரும் டெர்வென்ட் ஹாலும் முழுகின. தேவாலயக் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள், பிறகு அதையும் 1947 டிசம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். தண்ணீருக்கு மேலே கோபுரத்தைப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் அது அந்தத் தேதிக்கு முன். 1950-க்குப் பிறகு பார்த்தேன் என்றால் புகைப்படத்தைப் பார்த்திருக்கிறார். உங்கள் வீட்டுக்கும் இப்படி அசையாத இரண்டு மூன்று தேதிகளை முதலில் பிடித்துவைத்துக்கொண்டு, அவர் சொல்வதை அவற்றுக்கு முன், பின் என்று அடுக்குங்கள். சில விஷயங்கள் அப்படியும் தீராது. பிரபுவுக்கும் பணிப்பெண்ணுக்கும் பிள்ளை, ஏன் திடீரென்று விற்றார், தீ தானாகப் பிடித்ததா என்பவற்றைத் தாளும் சொல்லாது, நினைவும் உறுதிப்படுத்தாது. ஊர்ப்பேச்சு என்று குறித்து அத்தோடு விட்டுவிடுங்கள். வாழும் மனிதர்களைத் தொடுவதாக இருந்தால் எழுதவே வேண்டாம்.

பதிவு செய்யும் முறை. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். இரண்டு பேரை உட்காரவைத்தால் சத்தமாகப் பேசுபவரின் நினைவே இருவருடையதும் ஆகிவிடும். ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. முதல் நாள் கிளறியது இடையில் ஊறி வரும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சட்டையில் உரசாமல். பிரிட்ஜ், சுவர்க்கடிகாரம் இரண்டையும் அவர் அனுமதியோடு நிறுத்துங்கள். காதுக்கு அப்போது கேட்காத இரைச்சல் பதிவில் பெரிதாக வரும். எம்பி3-யாகச் சுருக்காமல் வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வையுங்கள். தொடக்கத்தில் பெயர், தேதி, இடம். அவர் தவறாகச் சொன்னாலும் குறுக்கே திருத்தவேண்டாம். நிறுத்தினால் பத்து விநாடி சும்மா இருங்கள், நல்லது பெரும்பாலும் அதற்குப் பின்தான் வரும். ஒவ்வொரு செய்திக்கும், நீங்களே பார்த்ததா, யார் சொல்லிக் கேட்டது என்று ஒரு முறை கேட்டு, எழுதும்போது பார்த்தது, வீட்டில் கேட்டது, ஊரில் கேட்டது என்று ஓரத்தில் குறியுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். அவருடைய வட்டாரச் சொல்லைப் பாடப்புத்தக ஆங்கிலமாக மாற்றாதீர்கள். பேசிய சொற்களின் உரிமை சட்டப்படி அவருடையது, பதிவின் உரிமை உங்களுடையது. அதனால் எதற்குப் பயன்படுத்தலாம் என்று கையெழுத்து வாங்கினால்தான் மேட்லாக் காப்பகம் ஏற்றுக்கொள்ளும். வாய்மொழி வரலாற்றுச் சங்கம் இதற்கான வழிகாட்டுதல்களைத் தளத்தில் வைத்திருக்கிறது.

முதல் நாள் போகும்போது 25 அங்குல வரைபடத்தில் வீடு உள்ள பகுதியை ஏ3 தாளில் பெரிதாக அச்சடித்து மேசையில் விரியுங்கள். பென்சிலை அவர் கையில் கொடுங்கள். வீட்டைப் பற்றி எதுவும் கேட்கவேண்டாம். மதிலில் எந்த இடத்தில் ஏறிக் குதிப்பீர்கள் என்று கேளுங்கள்.